பிளவுண்ட தேசம் – 24: தோற்ற படையின் கொடி

அமெரிக்க உள்நாட்டுப் போரில், பிரிந்துபோன தென்மாநிலங்களின் கூட்டமைப்புக்காகப் போரிட்ட ஜெனரல் ராபர்ட் லீ, அப்போமாட்டக்ஸில் 1865 ஏப்ரல் 9 அன்று சரணடைந்ததைச் சென்ற இதழில் பார்த்தோம். மூன்று நாள் கழித்து அவருடைய காலாட்படை கடைசி முறையாக அணிவகுத்து வந்தது. வடக்குப் படையின் தளபதி ஜோஷுவா சேம்பர்லைன் முன்னிலையில் வீரர்கள் துப்பாக்கிகளை அடுக்கி வைத்தார்கள். பிறகு தங்கள் படைப்பிரிவுக் கொடிகளைச் சுருட்டிக் கீழே கிடத்தினார்கள். கிழிந்து கந்தலாகிவிட்ட அந்தத் துணிகளைக் கைவிட மனமில்லாமல் அழுதவர்கள் பலர். போரில் பிடிபட்ட கொடிகள் வாஷிங்டனில் போர்த்துறையின் காவலுக்குப் போயின.

தோற்ற படையின் கொடிக்கு வரலாறு அத்தோடு முடிந்துவிடும் என்று யாரும் நினைத்திருப்பார்கள். இந்தக் கொடிக்கு அப்படி முடியவில்லை. போர்க்களத்தில் நான்கு ஆண்டுகூட முழுதாகப் பறக்காத அது, அடுத்த நூற்றைம்பது ஆண்டுகள் சட்டமன்றங்களிலும் நீதிமன்றங்களிலும் கால்பந்து மைதானங்களிலும் சண்டை மூட்டியது. ஒருவருக்கு அது கொள்ளுத் தாத்தாவின் நினைவு. இன்னொருவருக்கு அவருடைய கொள்ளுத் தாத்தாவை விலைக்கு விற்றவர்களின் அடையாளம். இருவரும் ஒரே ஊர்க்காரர்கள். இதில் யார் சொல்வது சரி? கொடியின் கதையை ஆண்டு வரிசைப்படி பார்த்தால் விடை கிடைக்கும்.

புழுதியில் வந்த குழப்பம்

சிவப்புத் துணி, அதன் குறுக்கே மூலைக்கு மூலை ஓடும் இரண்டு நீலப் பட்டைகள், பட்டைகளுக்கு வெள்ளைக் கரை, அவற்றின் மேல் 13 வெள்ளை நட்சத்திரங்கள். இன்று உலகம் முழுக்க இதைத்தான் தென் கூட்டமைப்பின் தேசியக் கொடி என்று எண்ணுகிறார்கள். உண்மையில் இது படையின் கொடி. கூட்டமைப்பு அரசின் முதல் தேசியக் கொடி வேறு. மேலும் கீழும் சிவப்பு, நடுவில் வெள்ளை, மூலையில் நீலக் கட்டம், அதில் வட்டமாக நட்சத்திரங்கள். அலபாமாவின் மாண்ட்கமரி நகரில் 1861 மார்ச் 4 அன்று அது ஏற்றப்பட்டது. அதே நாளில்தான் வாஷிங்டனில் லிங்கன் பதவியேற்றார்.

அந்த முதல் கொடி வடக்கின் கொடியைப் போலவே இருந்தது. அதன் விபரீதம் அதே ஆண்டு ஜூலை 21 அன்று மனாசஸ் களத்தில் தெரிந்தது. ஜெனரல் பியூரிகார்டின் இடப்பக்கம் ஒரு படை வந்துகொண்டிருந்தது. கோடைப் புழுதி, காற்றில்லை, கொடி துவண்டு கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது. வருவது நம்மவரா எதிரியா என்று தளபதிக்கே புரியவில்லை. காற்று வீசிக் கொடி விரிந்த பிறகே, வந்தது தங்கள் தளபதி ஜூபல் எர்லியின் படை என்று தெரிந்தது. இந்த எர்லியின் பெயரை நினைவில் வையுங்கள், மீண்டும் வருவார்.

தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும்படி ஒரு போர்க்கொடி வேண்டும் என்று பியூரிகார்ட் பிடிவாதம் பிடித்தார். கைவசம் ஒரு வடிவம் இருந்தது. வரைந்தவர் வில்லியம் போர்ச்சர் மைல்ஸ். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்து முன்னாள் மேயர், கூட்டமைப்பு நாடாளுமன்றத்தின் கொடிக்குழுத் தலைவர், அடிமை முறையை வெளிப்படையாக ஆதரித்தவர். நேர்ச்சிலுவை வைக்கத்தான் அவர் முதலில் எண்ணினார். அது ஒரு மதத்தின் குறியாகிவிடும் என்று சார்ல்ஸ்டன் யூதர் ஒருவர் ஆட்சேபம் தெரிவித்ததால் சிலுவையைச் சாய்த்துவிட்டார். குழுவில் இருந்த ஒருவர், காற்சட்டை வார் மாதிரி இருக்கிறது என்று கிண்டல் செய்ய, தேசியக் கொடிக்கான போட்டியில் அது தோற்றது. தேசியக் கொடியாக முடியாதது 1861 நவம்பரில் வர்ஜீனியாவில் சதுர வடிவில் படைக்கொடியானது.

அது வென்றது களத்தில்தான். லீயின் படை அதன் கீழ் அடுத்தடுத்து வெற்றி கண்டதும், மக்கள் மனத்தில் அரசின் கொடி பின்னுக்குப் போய்ப் படையின் கொடி முன்னுக்கு வந்தது. 1863 மே மாதம் கூட்டமைப்பு தன் தேசியக் கொடியை மாற்றியபோது, முழு வெள்ளைத் துணியின் மூலையில் இந்தப் போர்க்கொடியையே பதித்துக்கொண்டது. அந்த வெள்ளைக்கு சவானா நகரத்துப் பத்திரிகை ஆசிரியர் வில்லியம் தாம்ப்ஸன் அப்போதே விளக்கம் எழுதிவிட்டார்: கடவுள் விதித்த வெள்ளை இன மேலாண்மையைக் காக்கவே போராடுகிறோம், அதற்கு வெள்ளைக் கொடியே பொருத்தம்.

இது ஒரு பத்திரிகைக்காரரின் தனிக்கருத்து என்று ஒதுக்க முடியாது. கூட்டமைப்பின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சில் அதே சவானாவில் பேசும்போது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லை என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்றார். பிரிந்துபோகும் காரணத்தை அறிவித்த மிசிசிப்பி மாநிலம், தன் நிலைப்பாடு அடிமை முறையோடு முற்றாகப் பிணைந்தது என்று எழுத்திலேயே வைத்தது. போர் எதற்காக என்பதில் அன்று அவர்களுக்கு ஐயமே இருக்கவில்லை. ஐயம் பிறகுதான் உண்டாக்கப்பட்டது.

கல்லறையிலிருந்து மாநாட்டுக்கு

போர் முடிந்ததும் லீ கொடி பிடிக்கவில்லை. கெட்டிஸ்பர்க் களத்தில் நினைவுக்குறிகள் அமைக்க உதவுமாறு 1869-இல் அழைப்பு வந்தபோது, போரின் புண்ணைத் திறந்தே வைத்திருப்பது நல்லதல்ல என்று எழுதி மறுத்துவிட்டார். மற்றவர்கள் அப்படி இருக்கவில்லை. ரிச்மண்ட் பத்திரிகையாளர் எட்வர்ட் போலார்ட் 1866-லேயே ‘இழந்த லட்சியம்’ என்ற பொருளில் ஒரு வரலாற்று நூலை வெளியிட்டார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராகிவிட்டது. போர் நடந்தது அடிமை முறைக்காக அல்ல, மாநில உரிமைக்காக. தெற்கு தோற்றது வீரத்தில் அல்ல, ஆள்பலத்தில் என்பது அதன் சாரம். அதை ஓயாமல் பரப்பியவர்களில் முதல் வரிசையில் நின்றவர் நம் ஜூபல் எர்லி.

இந்தக் காலத்தில் கொடி பெரும்பாலும் கல்லறைகளிலும் முன்னாள் வீரர்களின் ஒன்றுகூடல்களிலும்தான் தென்பட்டது. பிடிபட்ட கொடிகளைத் திருப்பித் தரலாம் என்று 1887-இல் அதிபர் குரோவர் கிளீவ்லண்ட் ஒப்புதல் தந்தபோது வடக்கின் முன்னாள் வீரர்கள் கொதித்தெழுந்தார்கள், அவர் பின்வாங்கினார். 1905-இல் நாடாளுமன்றமே அவற்றைத் திருப்பித் தந்தது, பெரிய எதிர்ப்பில்லை. வெள்ளையரும் வெள்ளையரும் சமாதானமாகிவிட்டார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் தென்மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்துவிட்டிருந்தன. மிசிசிப்பி 1890-இல் தேர்தல் வரியையும் எழுத்தறிவுச் சோதனையையும் அரசியல் சட்டத்தில் நுழைத்தது. நான்கே ஆண்டுகளில், 1894-இல், மாநிலக் கொடியின் மூலையில் போர்க்கொடியை வைத்துக்கொண்டது.

அரசியல் கொடியாக அது முழு வேகத்தில் எழுந்தது 1948-இல். அதிபர் ட்ரூமன் கறுப்பின மக்களின் உரிமைகளுக்காகச் சட்டங்கள் கேட்டார். அதை எதிர்த்துத் தெற்கின் ஜனநாயகக் கட்சியினர் பிரிந்துபோய் பர்மிங்ஹாமில் கூடி, தென் கரோலினா ஆளுநர் ஸ்ட்ராம் தர்மண்டை அதிபர் வேட்பாளராக நிறுத்தினார்கள். கூட்டங்களில் போர்க்கொடிகள் அசைந்தன. தர்மண்ட் நான்கு மாநிலங்களில் வென்றார்.

அதற்குப் பின் வரும் ஆண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பள்ளி கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954-இல். ஜார்ஜியா தன் மாநிலக் கொடியை மாற்றி அதில் போர்க்கொடியைச் சேர்த்தது 1956-இல். போரின் நூற்றாண்டு என்று சொல்லித் தென் கரோலினா மாநில அரசுத் தலைமையகத்தின் குவிமாடத்தில் அது ஏறியது 1961-இல். மறு ஆண்டு சட்டமன்றத் தீர்மானமே அதை அங்கே நிலைக்க வைத்தது. அலபாமாவில் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் குவிமாடத்தில் கொடியேற்றியது 1963 ஏப்ரல் 25 அன்று. கறுப்பின மாணவர்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்ப்பது பற்றிப் பேச அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி மாண்ட்கமரிக்கு வந்த நாள் அது.

1861-இல் ஏறிய கொடி இறக்கப்படாமல் தொடர்ந்து பறந்தது என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. அப்படி எந்தத் தலைமையகத்திலும் பறக்கவில்லை. அரசுக் கம்பங்களில் நாம் கண்ட கொடிகள் தாத்தாக்கள் விட்டுப்போனவை அல்ல, பேரன்கள் ஏற்றியவை. ஏற்றிய நாட்களே காரணத்தையும் சொல்லிவிடுகின்றன.

பிடித்திருப்பவர்கள் சொல்வது

ஆனாலும் கொடியை நேசிப்பவர்கள் எல்லோரும் இனவெறியர்கள் என்று சொல்லி முடித்துக்கொண்டால் அது சோம்பேறித்தனம். அவர்களுடைய வாதத்தைக் கேட்க வேண்டும்.

போரிடும் வயதில் இருந்த தென்மாநில வெள்ளை ஆண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மாண்டுபோன போர் அது. இழப்பில்லாத வீடு அரிது. கூட்டமைப்பில் அடிமைகளை வைத்திருந்தவை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான வெள்ளையர் குடும்பங்களே. 1862-இல் கட்டாய ஆள்சேர்ப்பு வந்தபோது, 20 அல்லது அதற்கு மேற்பட்ட அடிமைகள் உள்ள பண்ணைக்கு ஒரு வெள்ளையர் விலக்குப் பெறலாம் என்று சட்டம் செய்தார்கள். பணக்காரன் போர், ஏழையின் சண்டை என்று அப்போதே முணுமுணுப்பு எழுந்தது. அப்படி இழுத்துப் போகப்பட்டு, திரும்பி வராத ஓர் ஏழை உழவனின் கல்லறையில் அவனுடைய வம்சத்தவர் சிறு கொடி நட்டால் அதை வெறுப்பு என்று எப்படிச் சொல்வது? 1896-இல் தொடங்கப்பட்ட ‘கூட்டமைப்பு வீரர்களின் மைந்தர்கள்’ சங்கம் முன்வைப்பது இதைத்தான். ‘பாரம்பரியம், பகைமை அல்ல’ என்ற முழக்கம் தெற்கில் கார்களின் பின்பக்கமெல்லாம் ஒட்டப்பட்டிருக்கிறது.

இன்னொரு கூட்டத்துக்குப் போரும் தெரியாது, லீயும் தெரியாது. அவர்களுக்கு அது வெறும் ‘அடங்க மறுப்பவன்’ கொடி. 1979 முதல் 1985 வரை ஓடிய ஒரு தொலைக்காட்சித் தொடரில், போலீசுக்குத் தண்ணி காட்டிப் பறக்கும் ஆரஞ்சு நிறக் காரின் கூரையில் இந்தக் கொடி இருந்தது. காரின் பெயரே ‘ஜெனரல் லீ’. ராக் இசைக் குழுக்கள் மேடைத் திரையாக்கின. ‘கலகக்கார மாவட்டம்’ என்று பெயரெடுத்த அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில், தங்கள் அணியின் நிறம் சிவப்பு என்பதற்காகவே ஹர்லிங் ரசிகர்கள் பல காலம் இதை ஆட்டினார்கள். அங்கே பிறகு விளையாட்டுச் சங்கமே தடுத்தது. போருக்குப் பின் பிரேசிலில் குடியேறிய தென்மாநிலத்தவரின் வம்சத்தவர், சாண்டா பார்பரா டோஸ்ட் ஊரில் ஆண்டுதோறும் நடத்திய விழாவில் நடனமேடையிலேயே இதைத் தீட்டியிருந்தார்கள்.

பாடகர் டாம் பெட்டி 1985-இல் தன் இசைப் பயணத்தில் இந்தக் கொடியைப் பயன்படுத்தினார். முப்பது ஆண்டு கழித்து, அது முட்டாள்தனம், கறுப்பின மக்கள் அதை எப்படிப் பார்ப்பார்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். இந்த இரண்டாம் கூட்டத்தின் பிரச்சினை வெறுப்பு அல்ல, யோசிக்காமை.

எதிரில் நிற்பவர்கள் சொல்வது

கறுப்பினத்தவரின் வாதம் எளியது, கூர்மையானது. தெற்கின் பாரம்பரியம் என்கிறீர்களே, நாங்களும் தெற்கத்திக்காரர்கள்தாமே?

1860 மக்கள்தொகைக் கணக்கில் ஏறக்குறைய 40 லட்சம் பேர் அடிமைகள். தென் கரோலினாவில் மொத்த மக்களில் 57 சதவீதம் அவர்கள். மிசிசிப்பியில் 55 சதவீதம். அந்த இரு மாநிலங்களிலும் பெரும்பான்மை மக்களுக்கு லீயின் தோல்விதான் விடுதலை. தெற்கிலிருந்து தப்பிப் போய் வடக்குப் படையில் சேர்ந்து, இந்தக் கொடியை எதிர்த்தே சுட்ட கறுப்பின வீரர்களின் வம்சத்தவரும் அதே ஊர்களில்தான் வாழ்கிறார்கள். பாரம்பரியம் என்ற பெயரில் பாதி ஊரின் நினைவை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை மறைக்கிறது அந்தக் கொடி.

அவர்களுக்கு இது ஏட்டுச் சண்டையும் அல்ல. உள்ளிருப்புப் போராட்டம் நடத்தியவர்கள், வெள்ளையர் பள்ளியில் சேரப் போன சிறுவர்கள், வாக்குரிமை கேட்டு நடந்தவர்கள் என எல்லோருக்கும் எதிரே 1950-களிலும் 60-களிலும் நின்ற கும்பல்களின் கையில் இதுதான் இருந்தது. மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் உற்சாகக் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பின மாணவர் ஜான் ஹாக்கின்ஸ், குழுவின் வழக்கப்படி மைதானத்தில் இந்தக் கொடியை ஆட்ட 1982-இல் மறுத்தார், வளாகமே கலவரப்பட்டது.

இரு தரப்புக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதைக் கருத்துக்கணிப்புகள் காட்டின. 2015-இல் சி.என்.என். எடுத்த கணிப்பில் 57 சதவீத அமெரிக்கர்கள் இதைத் தெற்கின் பெருமை என்றார்கள். 33 சதவீதத்தினர் இனவெறியின் அடையாளம் என்றார்கள். கறுப்பினத்தவரை மட்டும் கேட்டால் 72 சதவீதத்தினர் இனவெறி என்றார்கள். வெள்ளையரில் அப்படிச் சொன்னவர்கள் 25 சதவீதம். ஐந்து ஆண்டு கழித்துக் குவினிபியாக் பல்கலைக்கழகம் எடுத்த கணிப்பில் 56 சதவீதத்தினர் இனவெறி என்றும் 35 சதவீதத்தினர் பெருமை என்றும் சொன்னார்கள். தராசு சாய்ந்துவிட்டது. சாய்த்தது வரலாற்றுப் பாடம் அல்ல, ரத்தம்.

சார்ல்ஸ்டன், 2015

கொடியை வரைந்த மைல்ஸ் மேயராக இருந்த அதே சார்ல்ஸ்டன் நகரில், 2015 ஜூன் 17 இரவு, இமானுவேல் தேவாலயத்தில் வேதபாடம் படித்துக்கொண்டிருந்த ஒன்பது கறுப்பின மக்களை ஒரு வெள்ளையின வெறியன் சுட்டுக் கொன்றான். போதகரும் மாநிலச் செனட்டருமான கிளெமென்டா பிங்க்னி அவர்களில் ஒருவர். கொலையாளி இந்தக் கொடியோடு எடுத்துக்கொண்ட படங்கள் வெளிவந்தன.

தென் கரோலினாவில் கொடி அப்போது குவிமாடத்தில் இல்லை. பெரும் போராட்டங்களுக்குப் பின் 2000-இல் அதைக் குவிமாடத்திலிருந்து இறக்கி, வளாகத்திலேயே போர்வீரர் நினைவுச்சின்னத்தின் பக்கத்தில் நட்டிருந்தார்கள். அது ஒரு சமரசம். சட்டமன்றம் ஒப்பாமல் அதைத் தொட முடியாது என்பது ஏற்பாடு. ஆகவே துக்கத்துக்காக நாட்டுக் கொடியும் மாநிலக் கொடியும் அரைக்கம்பத்தில் இறங்கியபோது, இது மட்டும் முழு உயரத்தில் பறந்தது. பிங்க்னியின் உடல் தலைமையகத்தில் அஞ்சலிக்கு வைக்கப்பட்டபோது, கொடி கண்ணில் படாமல் இருக்க ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட வேண்டியதாயிற்று.

ஜூன் 27 விடியலில் பிரீ நியூசம் என்ற கறுப்பினப் பெண் 30 அடிக் கம்பத்தில் ஏறிக் கொடியைக் கழற்றி வந்தார். அவரைக் கைது செய்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் கொடி மீண்டும் ஏறியது. ஆனால் காற்று மாறிவிட்டிருந்தது. 1948-இல் இந்தக் கொடிகளுக்கு நடுவே நின்று வேட்பாளரான ஸ்ட்ராம் தர்மண்டின் மகன் பால் தர்மண்ட், அதே மாநிலத்தின் செனட்டில் எழுந்து, இதை இறக்க வேண்டும் என்றார். தந்தை ஏந்தியதை இறக்க மகன் வாக்களித்தார். கீழவையில் 94-க்கு 20 என்ற கணக்கில் சட்டம் நிறைவேறியது. பஞ்சாபிலிருந்து குடியேறிய சீக்கியத் தம்பதியின் மகளான ஆளுநர் நிக்கி ஹேலி கையெழுத்திட்டார். ஜூலை 10 காலை கொடி இறங்கி அருங்காட்சியகத்துக்குப் போனது.

தேவாலயக் கொலைகளுக்கு மறுநாளே, ஜூன் 18 அன்று, உச்ச நீதிமன்றமும் ஒரு கோடு கிழித்திருந்தது. டெக்சாஸில் வாகன எண்பலகையில் இந்தக் கொடியை அச்சிடச் சொல்லி ‘மைந்தர்கள்’ சங்கம் தொடுத்த வழக்கு அது. எண்பலகை அரசின் பேச்சு, மறுக்க அரசுக்கு உரிமை உண்டு என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. ஐவரில் ஒருவர், பழமைவாதியாக அறியப்பட்ட கறுப்பின நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். வீட்டு வாசலில் கொடியேற்றத் தனிமனிதருக்குள்ள உரிமை அப்படியே இருக்கிறது. அதில் கைவைக்க எந்த அரசாலும் முடியாது.

மிசிசிப்பி கடைசி வரை தாக்குப்பிடித்தது. 2001 வாக்கெடுப்பில் பழைய கொடியே வேண்டும் என்று ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சொன்ன மாநிலம் அது. ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரரால் கொல்லப்பட்ட பின் 2020 ஜூன் மாத இறுதியில் சட்டமன்றமே அதை நீக்கியது. நவம்பரில் மக்னோலியா மலர் பதித்த புதிய கொடிக்கு 70 சதவீதத்துக்கும் மேலானோர் வாக்களித்தார்கள்.

தீர்ப்பு

ஒரு கொடிக்கு அதன் பிறப்பே பொருள் தருகிறது என்றால் ஜார்ஜியாவைப் பாருங்கள். 1956-இல் சேர்த்த போர்க்கொடியை நீக்கிய அந்த மாநிலம், 2003-இல் ஏற்றுக்கொண்ட புதிய கொடி எதிலிருந்து எடுக்கப்பட்டது? மாண்ட்கமரியில் ஏறிய முதல் தேசியக் கொடியிலிருந்து. அடிமை முறையை மூலைக்கல்லாக அறிவித்த அரசின் கொடி அதுதான். பிறப்பை வைத்துப் பார்த்தால் படைக்கொடியைவிட அதற்குப் பழி அதிகம். ஆனாலும் அது இன்றும் அட்லாண்டாவில் பறக்கிறது, பெரிய சச்சரவில்லை. காரணம், எந்தக் கும்பலும் அதைத் தூக்கிக்கொண்டு பள்ளி வாசலில் நிற்கவில்லை. படைக்கொடியைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

ஆகவே இந்தக் கொடியின் இன்றைய பொருளைத் தீர்மானித்தது 1861 மட்டுமல்ல. 1948, 1956, 1961, 1963 ஆகிய ஆண்டுகளும்தான். அதைக் கெடுத்தவர்கள் வடக்கத்தியரோ கறுப்பினத்தவரோ அல்லர். தாத்தாவின் கல்லறையிலிருந்து அதைப் பிடுங்கி, சகமனிதனின் உரிமைக்கு எதிராக உயர்த்தியவர்கள்தாம். பாரம்பரியம் பேசுகிறவர்கள் கணக்குக் கேட்க வேண்டியது அவர்களிடம். தனிமனிதன் துக்கத்தோடு வைத்திருக்கும் துணியில் அரசுக்கு வேலை இல்லை. எல்லோரும் வரி கட்டும் கட்டடத்தின் உச்சியில், அவர்களில் ஒரு பகுதியினரை அடிமைகளாக வைத்திருக்கப் போரிட்ட படையின் கொடிக்கும் வேலை இல்லை. அதன் இடம் அருங்காட்சியகம். அங்கே முழு வரலாற்றோடும் அது இருக்கட்டும்.

ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. 1864 ஜூலையில் ஜூபல் எர்லி தன் படையோடு வாஷிங்டனின் எல்லையில் இருந்த ஸ்டீவன்ஸ் கோட்டை வரை வந்தார். அதிபர் லிங்கனே கோட்டைச் சுவரில் நின்று பார்த்த சண்டை அது. எர்லி அங்கிருந்து விரட்டப்பட்டார். நாடாளுமன்றக் கட்டடம் சில மைல் தூரத்தில் எட்டாமலே போயிற்று. 2021 ஜனவரி 6 அன்று அந்தக் கட்டடத்தைச் சூறையாடிய கும்பலில் ஒருவன், அதே கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே நடந்தான்.

துணிக் கொடியை ஒரு காலையில் இறக்கிவிடலாம். வெண்கலத்தில் வார்த்து நிறுத்திய தளபதிகளை என்ன செய்வது? ரிச்மண்டில் 1890 முதல் 2021 வரை நின்ற லீயின் சிலையைப் பற்றி அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)